பசியும் ஆற வேண்டும், மனமும் ஆற வேண்டும்



காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் நம் மக்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். தோட்டத்து லயத்திலும் அப்படித்தான் கேட்கிறோம். பட்டணத்து அடுக்குமாடி வீட்டிலும் அப்படித்தான் கேட்கிறோம். பசியைச் சூடுபட்ட இடம்போல எண்ணி, அது ஆற வேண்டும் என்று விரும்பிய மக்களின் சொல் அது. அன்பான சொல். ஆனால் அந்தக் கேள்வியே சிலருக்கு இப்போது சங்கடமாக இருக்கிறது. "பசியாறிட்டேன்" என்று அவர்கள் சொன்னால் வீட்டார் நம்புவதில்லை. நான்கு கரண்டி கஞ்சியில் யாருக்காவது பசியாறுமா என்று கேட்கிறார்கள்.

உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைத்தான் குறிப்பிடுகிறோம். அறுவைக்குப் பிறகு அவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்பதை மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சாப்பாட்டோடு மனம் எப்படி ஒத்துப்போவது, வீட்டிலுள்ளவர்கள் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி இன்று சிறிது நேரம் பேசுவோம்.

செலாயாங் வட்டாரத்தை நேயர்கள் பலர் அறிவீர்கள். பத்துமலைக்கு அருகில் உள்ள இடம். அங்குள்ள அரசாங்க மருத்துவமனை 1999-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ரவாங், பத்துமலை, கெப்போங் பகுதிகளில் இன்று வாழும் நம் குடும்பங்களில் பல, ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இருந்தவை. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பிறகு பட்டணத்துக்கு வந்தவர்கள் அவர்கள். இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்க மருத்துவமனைகளில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, "குடலை வெட்டி எடையைக் குறைக்கிறாங்களாமே" என்ற பேச்சு காதில் விழும். அதில் பாதி உண்மையாகவும் பாதி அச்சமாகவும் இருக்கும். ஆகவே முதலில் உண்மையைத் தெரிந்துகொள்வோம்.

இந்தச் சிகிச்சை நேற்று வந்ததன்று. 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் முறையைக் கையாண்டார்கள். அதனால் வேறு கோளாறுகள் வந்ததால் பிற்காலத்தில் அதைக் கைவிட்டார்கள். 1966-இல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்னும் அறுவை மருத்துவர், இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் சிறு பையாகப் பிரித்து, அதைக் குடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய 'பைபாஸ்' முறை. இதில் உணவு சேரும் பை ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை அளவாகிவிடுகிறது. மற்றொரு முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் நீக்கிவிட்டு, ஒரு வாழைப்பழம்போல நீண்ட பகுதியை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் வயிற்றில் சில சிறு துளைகளிட்டே இவற்றைச் செய்கிறார்கள். நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், சேராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இத்தகைய சிகிச்சை நடைபெறுகிறது.

இது யாருக்கு? அழகுக்காகச் செய்துகொள்ளும் காரியமல்ல இது. ஒருவருடைய எடையை, உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். ஒருவர் 1.60 மீட்டர் உயரம், 96 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். 1.60-ஐ 1.60-ஆல் பெருக்கினால் 2.56. 96-ஐ 2.56-ஆல் வகுத்தால் 37.5 வருகிறது. இந்த எண் மிக அதிகமாக இருந்து, உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் குறையாமல், இனிப்புநீர் போன்ற நோய்களும் சேர்ந்திருந்தால், மருத்துவர்கள் அறுவையைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்நோய்கள் வந்துவிடுவதால், நமக்குரிய அளவுகோல் வெள்ளையர்களுக்கு உரியதைவிடச் சற்றுத் தாழ்வாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

"வாயைக் கட்டியிருந்தால் இது தேவையா?" என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் சொல்வது நியாயமன்று. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடாயிற்று. நாட்டில் பாதிப்பேர் ஒரே சமயத்தில் ஒழுக்கம் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல முடியுமா? வாழ்க்கை முறை மாறிவிட்டது. பால்மரம் சீவியவர், விடியுமுன்பே எழுந்து 400, 500 மரங்களுக்கு நடந்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் நடந்தார். அந்த உடம்புக்கு ஒரு மலைச் சோறு தகும். அவருடைய பேத்தி இன்று தொழிற்சாலையில் ஓரிடத்தில் நின்று வேலை செய்கிறாள். பேரன் இரவெல்லாம் பாதுகாவலர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வேலை மாறிற்று, தட்டு மாறவில்லை. அதோடு ரொட்டி சானாயும், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும், இரவு 12 மணிக்கு ஒட்டுக்கடை மீ கோரெங்கும் சேர்ந்துகொண்டன.

இனி, அறுவைக்குப் பின் சாப்பாடு எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். முதல் சில நாட்களுக்குத் தெளிந்த நீராகாரம். அதன்பின் சிறிது கெட்டியான நீராகாரம். பிறகு மசித்த உணவு. பிறகு மென்மையான உணவு. இப்படிப் படிப்படியாக ஏறி, ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களில் சாதாரண உணவுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் எத்தனை நாள் என்பதை அவரவர் மருத்துவமனையே சொல்லும். பக்கத்து வீட்டாரின் கணக்கு நமக்கு உதவாது. சாதாரண உணவு என்றாலும், அளவு மிகச் சிறிதுதான். முதலில் முட்டை, மீன், கோழி, பருப்பு, தாஹூ போன்ற புரத உணவு, அதன்பின் காய்கறி, வயிற்றில் இடமிருந்தால் கடைசியில் இரண்டு வாய் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கலாகாது. சாப்பிட்ட பின்னும் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்ற பழமொழி இவர்களுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. சத்து மாத்திரைகளை ஆயுள் முழுதும் விடாமல் சாப்பிட வேண்டும்.

இவையெல்லாம் உடம்புக்கு. மனத்துக்கு என்ன நேருகிறது?

முதலாவது, ஒரு விதமான துக்கம். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். தானே விரும்பிச் செய்துகொண்ட சிகிச்சைக்குப் பிறகு ஒருவர் ஏன் துக்கப்பட வேண்டும்? ஆனால் எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்து களைத்து வந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்தது ஒரு தட்டு சோறும் மீன் குழம்பும். கவலை வந்தால் துணை அது. மகிழ்ச்சி வந்தால் கொண்டாட்டமும் அதுவே. 30, 40 ஆண்டுகள் பழகிய ஒரு சிநேகிதரை ஒரே நாளில் பிரிந்துவிட்டால் மனம் தேடாதா? "ஏன்தான் செய்துகொண்டோமோ" என்று முதல் சில வாரங்களில் அழுகிறவர்கள் உண்டு. இது அவர்கள் பலவீனத்தைக் காட்டவில்லை. சிகிச்சை தோற்றுவிட்டது என்பதும் இல்லை. பிரிவு வந்தால் துக்கம் வரும். நாளாக ஆக அது தணியும்.

இரண்டாவது, வயிற்றுப் பசியும் மனப் பசியும் பிரிந்து நிற்பது. 1999-இல், செலாயாங் மருத்துவமனை திறந்த அதே ஆண்டில், ஜப்பானிய அறிவியலாளர்கள் 'கிரெலின்' என்னும் ஒரு சுரப்பைக் கண்டறிந்தார்கள். பசி எடுக்கிறது என்று மூளைக்குச் சொல்லியனுப்பும் தூதுவன் அது. இரைப்பையின் மேற்பகுதியிலேதான் அது அதிகமாகச் சுரக்கிறது. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் அறுவையில் அந்தப் பகுதியும் போய்விடுவதால், பல மாதங்களுக்கு வயிற்றுப் பசி மிகவும் குறைந்துவிடுகிறது. ஆனால் மனப் பசியை எந்தக் கத்தியாலும் நீக்க முடியாது. தாளிக்கும் வாசனை மூக்கில் ஏறினால் நாக்கு கேட்கத்தான் செய்யும். வயிறு வேண்டாம் என்கிறது. மனம் வேண்டும் என்கிறது. இந்த இழுபறியில் சிக்கியவருக்கு எரிச்சல் வருவது இயற்கை.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. வயிற்றுப் பசி மெதுவாக வரும். எந்தச் சத்துணவு கொடுத்தாலும் அடங்கும். மனப் பசி திடீரென்று வரும். முறுக்குதான் வேண்டும், ஜிலேபிதான் வேண்டும் என்று ஒன்றைக் குறிப்பிட்டுக் கேட்கும். பெரும்பாலும் கோபம், தனிமை, சலிப்பு இவற்றின் பின்னாலேயே வரும். அப்படி வரும்போது 10 நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். வெளியில் வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். பக்கத்து வீட்டு அக்காளோடு இரண்டு வார்த்தை பேசலாம். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், என்ன சாப்பிட்டேன் என்பதோடு, அப்போது மனம் எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரி எழுதிவைக்கலாம். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதித் தரலாம். இரண்டு வாரத்தில் ஒரு வழக்கம் தெரியவரும். சம்பளத்துக்கு முந்திய வாரம் அதிகம் கொறிக்கிறோம் என்று ஒருவருக்குப் புலப்படும்; மாமியாரோடு மனத்தாங்கல் வந்த நாளில் என்று இன்னொருவருக்குப் புலப்படும். காரணம் தெரிந்துவிட்டால் அதற்கு வழி தேடலாம்.

மூன்றாவது, அச்சமும் வெட்கமும். அவசரமாக ஒரு வாய் கூடுதலாக விழுங்கினால் நெஞ்சடைக்கும், வாந்தி வரும். பைபாஸ் செய்துகொண்டவர் இனிப்பு அதிகம் சேர்த்த தே தாரிக்கைக் குடித்தால், அரைமணிக்குள் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கி, பேதியாகலாம். சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்குவதால் வருவது இது. ஒரு முறை பலர் முன்னிலையில் அப்படி நேர்ந்துவிட்டால், அதன்பின் கல்யாணம், காதுகுத்து எதற்குமே போகாமல் ஒதுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் சாப்பிடவே அஞ்சுகிறார்கள். ஒதுங்கி வாழ்வதற்காக யாரும் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளவில்லை. எந்த உணவால், எவ்வளவு வேகத்தால் அப்படி ஆயிற்று என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை உணவாலோசகரிடம் சொன்னால் வழி காட்டுவார்.

நேயர்களே, இந்தத் துன்பம் நம் குடும்பங்களில் சற்று அதிகமாகவே இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பாட்டன் பாட்டிமார்கள் பசியைக் கண்டவர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். அப்படிப்பட்ட காலத்தைத் தாண்டி வந்தவர்கள், பிள்ளையின் தட்டு நிறைந்திருப்பதையே வாழ்வின் வெற்றியாக நினைத்தார்கள். தட்டில் மீதி வைத்தால் அடி விழுந்தது. "நல்லா சதை போட்டிருக்கே" என்பது பாராட்டாக இருந்தது. அந்தப் பழக்கம் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. தட்டில் சோறு போடுவதுதான் அன்பு. அதை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. இந்த வீட்டில் ஒருத்தி "எனக்குப் போதும்" என்று கையை மறித்தால், கொடுத்தவர் மனம் புண்படுகிறது. மறுத்தவர் மனமும் புண்படுகிறது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தீபாவளி காலை. மருமகள் அறுவைச் சிகிச்சை செய்து நான்கு மாதம் ஆகிறது. மாமியார் விடியற்காலையில் எழுந்து இட்லி அவித்து, ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்து வைத்திருக்கிறார். மருமகள் ஒரு சிறு தட்டில் அரை இட்லியும் இரண்டு துண்டு இறைச்சியும் எடுத்துக்கொள்கிறாள்.

"என்னம்மா இது, கோழிக்குஞ்சு கொத்துற மாதிரி! இன்னும் ஒன்னு வச்சுக்க. நல்ல நாளும் அதுவுமா..."

"போதும் அத்தை."

"என் கைச் சாப்பாடு பிடிக்கலைன்னு சொல்லிடேன்."

மருமகள் மறுத்துப் பேச மனமின்றி இன்னொரு இட்லியையும் தின்கிறாள். சிறிது நேரத்தில் பின்கட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் வாந்தியெடுக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, வந்த விருந்தாளிகளுக்குப் பலகாரம் எடுத்து வைக்கிறாள். மாமியாருக்கு நல்ல மனசு. மருமகளும் நல்லவள். இருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் ஒரு பண்டிகை நாள் கண்ணீரில் முடிந்தது.

இதை எப்படி மாற்றுவது? மருமகள் முன்கூட்டியே, சாப்பாட்டு நேரத்தில் அல்லாமல் ஓய்வான ஒரு வேளையில், மாமியாரிடம் உட்கார்ந்து சொல்லலாம்: "அத்தை, உங்க சமையல் எனக்குப் பிடிக்கும். ஆனா இப்போ என் வயிறு சின்னப் பிள்ளை வயிறு மாதிரி. கொஞ்சம்தான் பிடிக்கும். நான் போதும்னு சொன்னா அது வயிறு சொல்றது." மருத்துவரிடம் போகும்போது ஒரு முறை மாமியாரையும் அழைத்துப் போகலாம். வெள்ளை உடுப்புப் போட்டவர் சொன்னால் நம் பெரியவர்கள் கேட்பார்கள். மாமியாரும் தம் அன்பை வேறு வழியில் காட்டலாம். "உனக்குன்னு ரெண்டு துண்டு பிஞ்சு இறைச்சியாப் பார்த்து நல்லா வேக வச்சிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு துண்டில் இருக்கும் அன்பு இரண்டு தட்டிலும் இராது.

வீட்டிலுள்ள மற்றவர்கள் மனத்தில் வைக்கவேண்டிய சில செய்திகள்:

ஒன்று, அவரைப் பந்தியிலிருந்து விலக்காதீர்கள். "இவருக்குத்தான் சாப்பாடு இல்லையே" என்று தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவது பெரிய தண்டனை. சிறு தட்டோ, சிறு மங்கோ, அவருக்கென்று ஓரிடம் எப்போதும் இருக்கட்டும். மற்றவர் ஒரு தட்டு சாப்பிடும் நேரத்தில் அவர் நான்கு கரண்டி சாப்பிடுவார். பேச்சில் சமமாகக் கலந்துகொள்வார்.

இரண்டு, காவல்காரர் வேலை பார்க்காதீர்கள். "இதைத் தின்னலாமா? அதைக் குடிக்கலாமா?" என்று ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கொண்டிருந்தால், அவர் ஒளிந்து சாப்பிடத் தொடங்குவார். ஒளிந்து சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டால் அதை விடுவது கடினம்.

மூன்று, உடம்பைப் பற்றி விமரிசனம் வேண்டாம். "முகம் வற்றிப் போச்சே, சீக்காளி மாதிரி ஆயிட்டியே" என்று ஒருவர் சொல்வார். "இன்னும் குறையலையே" என்று வேறொருவர் சொல்வார். இரண்டும் குத்தும். அறுவைக்குப் பின் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவதுண்டு. அது பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். தோல் தொங்கும். கண்ணாடியில் தெரிகிறவர் யாரோ அயலார்போலத் தோன்றும். உடம்பு வேகமாக மாறும்போது மனம் பின்னால் நடந்து வருகிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

நான்கு, அவர் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டியவராக இருந்தால், அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குச் சமைத்து, வாசனையில் நின்று, தான் மட்டும் பருப்புத் தண்ணீர் குடிப்பது எவ்வளவு பெரிய சோதனை! முதல் இரண்டு மாதமாவது கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் அடுப்படிக்கு வரட்டும். ஆண்கள் கரண்டி பிடித்தால் கௌரவம் குறையாது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். உணவில் கிடைத்த ஆறுதல் போய்விட்டபோது, மனம் வேறோர் ஆறுதலைத் தேடும். சிலருக்கு அது மதுவாகிவிடுகிறது. அறுவைக்குப் பிறகு மது மிக விரைவில் இரத்தத்தில் ஏறுகிறது. முன்பு இரண்டு போத்தல் பீர் குடித்துவிட்டு நடந்து வந்தவர், இப்போது ஒரு குவளையிலேயே நிலைதடுமாறுவார். 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, குறிப்பாகப் பைபாஸ் செய்துகொண்டவர்களிடையே, இரண்டாம் ஆண்டில் மதுவால் வரும் தொல்லை கூடுவதைக் காட்டிற்று. கள்ளும் சம்சுவும் நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைக் குலைத்தன என்பதை நாம் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே, கணவரோ மகனோ இந்தச் சிகிச்சை செய்துகொண்டால், மதுவை அறவே விலக்குவதே நல்லது. "கொஞ்சம்தானே" என்று ஊற்றிக்கொடுக்கும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

மற்றொரு சங்கதி. முதல் ஆண்டில் எடை விறுவிறுவென்று குறையும். இடையிடையே சில வாரம் முள் அசையாமல் நிற்கும். பின்னால் சில கிலோ ஏறவும் செய்யலாம். 1987-இல் ஸ்வீடனில் தொடங்கிய ஓர் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அறுவை செய்துகொள்ளாதவர்களைவிட அவர்களிடையே மரணம் குறைவு என்று 2007-இல் அறிவித்தார்கள். மனநலத்தைப் பற்றியும் அவர்கள் பார்த்தார்கள். முதல் ஆண்டில் மகிழ்ச்சி உச்சியில் இருந்தது. எடை சிறிது திரும்ப ஏறிய ஆண்டுகளில் அதுவும் சிறிது இறங்கிற்று. பிறகு ஒரு நிலைக்கு வந்து நின்றது. பத்தாண்டுக்குப் பின்னும் அவர்கள் பலருடைய நிலை, தொடக்கத்தில் இருந்ததைவிட மேலாகவே இருந்தது. இதை முன்னதாகவே தெரிந்துவைத்திருந்தால், இரண்டு கிலோ ஏறியவுடன் "எல்லாம் போச்சு" என்று மனமுடைந்து, மருத்துவரைப் பார்க்க வெட்கப்பட்டு, முறைப்படி போகவேண்டிய பரிசோதனைகளை நிறுத்திவிட மாட்டோம். ஏறினாலும் போக வேண்டும். இறங்கினாலும் போக வேண்டும்.

இனிப்புநீர் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவைக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை விரைவில் இறங்குவதால், மாத்திரையையும் ஊசியையும் மருத்துவர் குறைப்பார். தாமாகவே நிறுத்துவதோ, பழைய அளவையே தொடர்வதோ ஆபத்து. கை நடுக்கம், எரிச்சல், பதற்றம் என்று வருவது சில சமயம் மனக்கோளாறாக இராது. சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள், அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்? வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், தண்ணீர்கூடத் தங்காவிட்டால், கை கால் மரத்துப்போனால், நடை தள்ளாடினால், பேச்சில் குழப்பம் தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. சத்துக் குறைவு நரம்பையும் மூளையையும் தாக்குவதன் அடையாளங்கள் அவை. காற்று கருப்பு என்று மந்திரிக்கப் போய் நேரத்தைப் போக்கிவிடாதீர்கள்.

மனத்துக்கும் அப்படிப்பட்ட அடையாளங்கள் உண்டு. இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமின்மை, யாரோடும் பேச விருப்பமின்மை, காரணமில்லாத அழுகை, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறுவை செய்த மருத்துவமனையிலேயே மனநல ஆலோசகரைப் பார்க்கக் கேட்கலாம். பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் சொல்லலாம். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 'ஹீல்' என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையின் எண் 15555. கோலாலம்பூரில் 1970-இல் தொடங்கிய 'பிரெண்டர்ஸ்' சங்கமும், துயரத்தில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்த்தால் பைத்தியம் என்பார்களே என்று அஞ்ச வேண்டாம். காய்ச்சலுக்கு டிரசரிடம் போனதுபோலத்தான் இதுவும்.

நேயர்களே, இரைப்பையைச் சிறிதாக்க மருத்துவருக்குச் சில மணி நேரம் போதும். அதன்பின் வருகிற ஆயிரம் வேளைச் சாப்பாட்டையும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர்கள் நாம்தான். ஆகவே அறுவை ஒருவருக்கு என்றாலும், தேறிவருவது வீடு முழுவதும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம்.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்பதை நாம் விடவேண்டாம். அது நம் சொல். நம் பாட்டிமார்கள் பசித்த வயிற்றோடு நமக்கு விட்டுச்சென்ற சொல். ஆனால் அவர் "பசியாறிட்டேன்" என்று சொன்னால், நம்புவோம். தட்டை எட்டிப் பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு இன்னொரு கேள்வியையும் கேட்போம்: "மனசு எப்படி இருக்கு?" அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.